மேலே படகு சவாரி... கீழே காய்ந்த ஏரி! சேர்வராயன் மலை தண்ணீர் யாருக்கு?

மொரப்பூர்:

கோடை விடுமுறை வந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மொரப்பூர் ரெயில் நிலையத்தில் சேலம் பக்கம் போகும் ரெயிலுக்கு குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். கையில் புளிசாத பொட்டலம், தண்ணீர் பாட்டில், உட்கார ஒரு பழைய பெட்ஷீட். எங்கே பயணம்? வேறு எங்கே, ஏற்காடுதான்! ஏரியில் ஒரு ரவுண்டு படகு, அண்ணா பூங்காவில் ஒரு போட்டோ, லேடி சீட்டில் நின்று கீழே சேலத்தை ஒரு பார்வை. பொழுது சாய்வதற்குள் இறங்கி வந்து ரெயிலைப் பிடித்தாக வேண்டும். வாரம் பூரா மில்லிலும் கட்டட வேலையிலும் உடம்பை வளைத்தவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் சுற்றுலா.

ரெயில் பொம்மிடியை நெருங்கும்போது இடது பக்க ஜன்னலில் பெரிதாக எழும்பி நிற்கிறதே, அதுதான் சேர்வராயன் மலை. அதன் உச்சியில் இருக்கிறது ஏற்காடு ஏரி. அந்த ஏரியின் உபரி தண்ணீர் கிளியூர் நீர்வீழ்ச்சியாகக் கொட்டுகிறது. ஆனால் மலையின் இந்தப் பக்கச் சரிவில் பெய்யும் மழை எங்கே போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. அது வாணியாறாக இறங்கி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கத்து ஏரிகளுக்கு வருகிறது.

ஆக, ஒரே மலை. ஒரே மழை. மேலே விழுந்தால் டிக்கெட், லைஃப் ஜாக்கெட், கோடை விழா, அமைச்சர், மலர்க் கண்காட்சி. கீழே இறங்கினால் கருவேல முள்ளும், மண் அள்ளிய பள்ளமும். இது ஏன்?

கலெக்டர்கள் வெட்டிய ஏரிகள்

ஏரி + காடு என்பதுதான் ஏற்காடு ஆனது என்பார்கள். இந்த ஏரி இயற்கையானது. ஆனால் தமிழ்நாட்டில் மலை ஏரி என்றதும் சட்டென்று நினைவுக்கு வரும் மற்ற இரண்டும் அப்படி இல்லை. ஊட்டி ஏரியும் கொடைக்கானல் ஏரியும் மனிதன் கட்டியவை. கட்டச் சொன்னவர்கள் வெள்ளைக்கார கலெக்டர்கள்!

ஊட்டி ஏரியை உருவாக்கியவர் அப்போதைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன். 1823-ல் ஆரம்பித்து 1825 வாக்கில் முடிந்த வேலை. மலை ஓடைகளை கரை போட்டுத் தடுத்ததும் பள்ளத்தாக்கே ஏரியானது. கொடைக்கானல் ஏரி அதற்கு நாற்பது வருஷம் கழித்து. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வெரே லெவிஞ்ச், ஓடைகள் கூடும் சதுப்பு நிலத்தில் அணை போட்டு நட்சத்திர வடிவத்தில் ஏரி செய்தார். அதில் மிதக்க விட முதல் படகு தூத்துக்குடியில் இருந்து வந்ததாம். மலைப்பாதைகூட ஒழுங்காக இல்லாத காலத்தில் படகை மேலே ஏற்றிய கூலிக்காரர்களின் தோள் என்ன பாடு பட்டிருக்கும்? அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் கிடையாது.

நம்ம ஏற்காட்டுக்கும் ஒரு கலெக்டர் உண்டு. பெயர் காக்பர்ன். 1820-களில் சேலம் கலெக்டர். சேர்வராயன் மலையில் காபிச் செடியைக் கொண்டுவந்தவர் அவர்தான். அதற்கப்புறம் காடு போய் எஸ்டேட் வந்தது. எஸ்டேட் வந்ததும் பங்களா வந்தது. மலைவாழ் மக்களின் ஊர்கள் எஸ்டேட்டுக்கு நடுவே தீவு மாதிரி ஆயின.

அப்போதெல்லாம் படகு யாருக்கு? துரைமார்களுக்கு மட்டும். கொடைக்கானலில் 1890-ல் போட் கிளப் ஆரம்பித்தார்கள். பொதுமக்களும் சுற்றுலாப் பயணிகளும் அதன் படகில் ஏற அனுமதி கிடைத்தது 1932-ல்தான். நாற்பது வருஷத்துக்கு மேல் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள் ஜனங்கள். ஊட்டி ஏரியை அரசு சுற்றுலாத்துறை கையில் எடுத்து படகு விட்டது 1973-ல். ஆக, கூலி வேலை செய்கிறவனின் பிள்ளை இன்று ஏற்காடு ஏரியில் பெடல் போட் மிதிக்கிறதே, அது சும்மா வந்ததல்ல. அந்த ஒரு விஷயத்துக்காக சுற்றுலாத்துறையைப் பாராட்டலாம்.

ஆனால் படகு வந்தால் ஏரி பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தால், அங்கேதான் தப்பு.

ஊட்டியில் நடந்தது என்ன?

ஊட்டி பஸ் நிலையத்தில் இறங்குபவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க மாட்டார்கள். அவர்கள் இறங்குவதே பழைய ஏரிக்குள்தான்! சல்லிவன் காலத்து ஏரி இன்றைக்கு இருப்பதைவிட பெரியது. பஸ் நிலையம், குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் ஏரியின் இடத்தை மூடி வந்தவை. மிச்சம் இருக்கும் ஏரியிலும் ஊருக்குள் ஓடி வரும் கோடப்பமந்து கால்வாய் கலக்கிறது. ஊர் கழிவு அதன் வழியாகத்தான் வருகிறது. மேலே கலர் கலராகப் படகு. அடியில் சகதி.

கொடைக்கானல் கதை இன்னும் மோசம். அங்கே 1980-களில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய்க்குள் பளபளவென்று இருக்குமே, பாதரசம், அதை வைத்து வேலை. அமெரிக்காவில் மூடிய ஆலையின் எந்திரங்களை இங்கே கொண்டுவந்து ஓட்டினார்கள். பாதரசக் கழிவு கலந்த கண்ணாடிச் சில்லுகள் பழைய சாமான் கடை வரை போனது வெளியே தெரிந்ததும் 2001-ல் ஆலை மூடப்பட்டது. ஏரித் தண்ணீரிலும் ஏரி மீனிலும் பாதரசம் இருப்பதை விஞ்ஞானிகள் ஆய்வு செய்து எழுதினார்கள். வேலை செய்த 591 பேருக்கு சமரசத்தில் இழப்பீடு வந்தபோது வருஷம் 2016. மூடி 15 வருஷம் கழித்து! அந்தப் பதினைந்து வருஷமும் ஏரியைச் சுற்றி சைக்கிள் வாடகைக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. குதிரை சவாரியும் நிற்கவில்லை.

இரண்டு மலையிலும் வண்டிகள் தாங்க முடியாமல், சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் வண்டிக் கணக்குக்கே உச்சவரம்பு போட்டார்கள். நீலகிரிக்கு சாதாரண நாளில் 6 ஆயிரம், வார இறுதியில் 8 ஆயிரம். கொடைக்கானலுக்கு 4 ஆயிரம், 6 ஆயிரம். அந்த உத்தரவு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்ததே தவிர ஏற்காட்டுக்கு இல்லை. அங்கே பாஸ் கிடைக்காதவன் காரை எங்கே திருப்புவான்? 20 கொண்டை ஊசி வளைவு தாண்டினால் ஏற்காடு ரெடி. லாட்ஜ், ஓட்டல், ரிசார்ட் என்று மேலே பெருகப் பெருக, அந்தக் கழிவு எங்கே இறங்கும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. ஏரியில் ஆகாயத்தாமரை படர்வதும், எந்திரம் விட்டு அள்ளுவதும், மறுபடி படர்வதும் ஏற்காட்டுக்காரர்களுக்குப் பழகிப் போன காட்சி. ஆகாயத்தாமரை சும்மா படராது. தண்ணீரில் சாக்கடைச் சத்து ஏறினால்தான் அது கொழுக்கும். களையை அள்ளுவதற்கு டெண்டர் விடுகிறார்கள். சாக்கடையைத் தடுக்காத வரை அந்த டெண்டருக்கும் முடிவு கிடையாது.

சீமையிலும் இதே கதை

இந்த வெள்ளைக்கார கலெக்டர்கள் மலை ஏரி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எதைப் பார்த்து ஆசைப்பட்டார்கள்? அவர்கள் நாட்டின் வடக்கே மலைகளுக்கு நடுவே ஏரிகளாகவே உள்ள ஒரு வட்டாரம் இருக்கிறது. ஏரி மாவட்டம் என்றே அதற்குப் பெயர். இங்கிலாந்திலேயே பெரிய இயற்கை ஏரியான விண்டர்மியர் அங்கேதான் உள்ளது. 1847-ல் அதன் பக்கத்துக்கு ரெயில் வந்தது. அது வரக்கூடாது என்று எதிர்த்தவர் யார் தெரியுமா? பள்ளிக்கூடப் பாடத்தில் வருவாரே, கவிஞர் வேர்ட்ஸ்வொர்த், அவரேதான்! மில் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாக வந்து அமைதியைக் கெடுத்துவிடுவார்கள் என்பது அவர் கவலை. மொரப்பூரில் ரெயில் ஏறி ஏற்காடு போகிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

ரெயில் வந்தது. தொழிலாளிகளும் வந்தார்கள். ஏரி அவர்களால் கெட்டுப் போகவில்லை. 2024 பிப்ரவரியில் ஒரே ராத்திரியில் பல லட்சம் லிட்டர் கழிவுநீர் விண்டர்மியர் ஏரிக்குள் போனது அங்கே பெரிய செய்தி ஆனது. விட்டது சுற்றுலாப் பயணி இல்லை. கழிவுநீர் நிலையத்தை நடத்தும் தண்ணீர் கம்பெனி. 2017-லேயே உலக பாரம்பரிய இடம் என்ற பட்டம் வாங்கிய ஊர் அது. பட்டம் சாக்கடையைத் தடுக்கவில்லை.

அதே வட்டாரத்தில் தேர்ல்மியர் என்று இன்னொரு ஏரி. அதைக் கரை உயர்த்தி, குழாய் போட்டு, 150 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் மான்செஸ்டர் மில் நகரத்துக்கு 1894-ல் குடிதண்ணீர் கொண்டுபோனார்கள். இன்றும் போகிறது. ஜனங்கள் குடிக்கிற தண்ணீர் என்பதால் அந்த ஏரியைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இருக்கிறது. விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஒரு ஏரியை நம்பி யாருடைய வயிறோ வயலோ இருந்தால் அதைக் கவனிக்க ஆள் இருக்கும். வெறும் வேடிக்கை பார்க்கிறவன் மட்டும் இருந்தால், சீசன் முடிந்ததும் அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

மலைக்கு இந்தப் பக்கம்

சரி, மலையை விட்டு இறங்குவோம். பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது வாணியாறு அணை. உயரம் 65.27 அடி. பாசனம் 10 ஆயிரத்து 517 ஏக்கர். ஆனால் வெறும் அணை என்று நினைக்கக் கூடாது. அணைத் தண்ணீர் கால்வாயில் போய் வெங்கடசமுத்திரம், மோளையானூர், மெணசி, பூதநத்தம், ஆலாபுரம், பறையப்பட்டி, தென்கரைக்கோட்டை என்று ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டே போகும். ஒரு ஏரி கோடி போனால்தான் அடுத்த ஏரிக்கு வாழ்வு. கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. முதல் பந்திக்காரன் எழுந்தால்தான் அடுத்தவனுக்கு இலை.

மழை குறைந்த வருஷம் கடைசிப் பந்திக்கு இலையே கிடையாது. அப்போதுதான் சண்டை. மேல் ஏரிக்காரன் மதகை அடைத்துவிட்டான், கீழ் ஏரிக்குத் தண்ணீர் விடவில்லை என்று ஊருக்கு ஊர் மனு, மறியல். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் அடிக்கடி கேட்கிற பாட்டு இது.

மழை அதிகமான வருஷம்? 2024 டிசம்பர் ஆரம்பத்தை யாரும் மறக்க முடியாது. பெஞ்சல் புயல் கரையைக் கடந்த கையோடு மலையும் கீழும் சேர்ந்து நனைந்தது. ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர். ஊத்தங்கரையில் ஏரி வழிந்து, ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேனும் காரும் பொம்மை மாதிரி உருண்டு போனதை செல்போனில் பார்க்காதவர் இல்லை. தென்பெண்ணையில் வெள்ளம் சீறி, கீழே சாத்தனூர் அணையில் இருந்து ராத்திரியோடு ராத்திரியாக விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்தார்கள். விழுப்புரமும் கடலூரும் மிதந்தன.

அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு மேலேயே ஏரிகளில் தங்கியிருந்தால்? வரத்துக் கால்வாயில் வீடும் கடையும் முளைத்திருக்கும் இடத்தில் தண்ணீர் ஏரிக்குப் போகாது. ஊருக்குள் போகும். ஏரி காய்வதும் ஊர் மூழ்குவதும் ஒரே கால்வாயை அடைத்ததால் வரும் இரட்டைக் குழந்தை.

பக்கத்தில் ஆறு, குடிக்கத் தண்ணீர் இல்லை

மொரப்பூர், கம்பைநல்லூர் பக்கத்து ஏரிகளின் நிலைமை இன்னும் விசித்திரம். கூப்பிடு தூரத்தில் தென்பெண்ணை ஓடுகிறது. ஆடிப்பெருக்கு வந்தால் இருமத்தூரிலும் அனுமன்தீர்த்தத்திலும் ஆற்றில் இறங்கிக் குளிக்க லாரி லாரியாக ஜனம் போகும். காலம் காலமாக இந்தப் பகுதிக்கு அதுதான் சுற்றுலா, அதுதான் திருவிழா. டிக்கெட் இல்லாத பொழுதுபோக்கு.

ஆனால் ஆறு தாழ்வில் ஓடுகிறது. ஏரிகள் மேட்டில் கிடக்கின்றன. ஈச்சம்பாடி தடுப்பணையில் இருந்து மோட்டார் வைத்து தண்ணீரை ஏற்றி மொரப்பூர் வட்டார ஏரிகளை நிரப்புங்கள் என்பது விவசாயிகளின் பல வருஷக் கோரிக்கை. தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் பேசுவார்கள். அதேபோல் ஒகேனக்கல் காவிரி உபரி நீரை மாவட்ட ஏரிகளுக்குக் கொண்டுவரச் சொல்லி 2024 அக்டோபர் 4-ந்தேதி தர்மபுரி மாவட்டத்தில் அரை நாள் கடையடைப்பே நடந்தது.

ஏரி நிரம்பினால் விவசாயிக்குத்தானே லாபம், கூலிக்காரனுக்கு என்ன என்று கேட்கலாம். குடத்தைக் கேளுங்கள், சொல்லும். தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை விழுந்த பிள்ளைகள், முட்டி மடங்காத பெரியவர்கள் எத்தனை பேர்! அதற்காகத்தான் ஜப்பான் கடன் வாங்கி 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் போட்டு, 2013 மே மாதம் திறந்தார்கள். ஏரியில் தண்ணீர் நின்றால் பக்கத்துக் கிணறு ஊறும். ஏரி காய்ந்தால் போர்வெல் ஆழமாகும். ஆழமாகப் போகப் போக பாறையில் ஊறிய தண்ணீர் வரும். அதில்தான் புளோரைடு வம்பு. குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வராத அன்று ஜனங்கள் எதைக் குடிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

தென்பெண்ணைத் தண்ணீரை ஏற்றினால் எல்லாம் சரியா என்றால், அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறக்கும் ஆறு அது. வழியில் பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவும் அதில்தான் சேருகிறது. 2017-லும் 2018-லும் தண்ணீருக்கு மேலேயே தீப்பிடித்து எரிந்ததே, அதே பெல்லந்தூர் ஏரி! ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரை மலை மாதிரி பொங்குவதும் இதனால்தான். கட்டட வேலைக்காக பெங்களூரு போயிருக்கும் மொரப்பூர் ஆட்களுக்கு அந்த நாற்றம் புதிதல்ல. அங்கே மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிய தண்ணீர் ஊர் பக்கம் வந்து சேர்கிறது. ஆகவே தண்ணீர் கேட்கும்போதே சுத்தமான தண்ணீர் என்று சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

குளிக்கப் போனால் உயிர் போகும் ஏரி

ஏற்காட்டில் லைஃப் ஜாக்கெட் போடாமல் படகில் ஏற்ற மாட்டார்கள். ஊர் ஏரியில்? அங்கேதான் கோடை விடுமுறையில் பிள்ளைகள் நீச்சல் பழகுகிறார்கள். போன வருஷம் முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் இந்த வருஷம் இரண்டு ஆள் ஆழம். எப்படி? லாரியில் மண் போயிருக்கிறது.

ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2017-ல் அரசு அனுமதித்தது. குடிமராமத்து திட்டமும் அதே வருஷம்தான். வண்டல் எடுப்பது நல்ல காரியம்தான். வயலுக்கு உரம், ஏரிக்கு ஆழம். ஆனால் அதைப் பரவலாக, சமமாக எடுக்க வேண்டும். வண்டல் என்று பேர் வைத்து ஒரே மூலையில் கிணறு மாதிரி தோண்டி, மண்ணை வேறு எங்கோ விற்றால், அடுத்த மழையில் அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. மேலே தண்ணீர் ஒரே மட்டம். இறங்கிய பிள்ளை திரும்பாது. ‘ஏரியில் மூழ்கி மாணவன் சாவு’ என்று வருஷா வருஷம் ஏதாவது ஒரு ஊரில் இருந்து செய்தி வருகிறது. போலீசார் வழக்குப்பதிவு செய்வார்கள். பள்ளம் தோண்டியவன் பெயர் அந்த வழக்கில் வருவது அபூர்வம்.

ஊர் ஏரியிலும் படகு விடுங்கள், பூங்கா கட்டுங்கள் என்று பல இடங்களில் இப்போது கேட்கிறார்கள். ஆசை தப்பில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சேலம் வரை ரெயிலும் அங்கிருந்து மலை பஸ்சும் பிடிக்க எல்லோராலும் முடியாது. கரையில் நான்கு புங்க மரம், உட்கார இரண்டு பெஞ்சு, இறங்கிக் குளிக்க ஒரு நல்ல படித்துறை, ஆழமான இடத்தில் ஒரு எச்சரிக்கைப் பலகை இருந்தாலே போதும், சாயங்காலம் ஊரே அங்கே வந்து உட்காரும். ஆனால் வரத்துக் கால்வாயைச் சரி செய்யாமல் பெஞ்சு போட்டால் காய்ந்த குழிக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சாக்கடையைத் திருப்பாமல் படகு விட்டால் ஊட்டி கதைதான். எது முதலில், எது அப்புறம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெஞ்சு என்றால் கல்வெட்டு வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம். கால்வாய் தூர் வாரினால் என்ன வெட்டுவது? அதனால்தானோ என்னவோ, பல ஊர்களில் வேலை தலைகீழாக நடக்கிறது.

யாரிடம் கேட்பது?

இதிலும் ஜனங்களை அலைய விடுவார்கள். 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி என்றால் நீர்வளத்துறை. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். நம்ம ஊர் ஏரி எதில் வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டு போனால் பாதி அலைச்சல் மிச்சம். ஏரியின் பரப்பு, எல்லை, வரத்துக் கால்வாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதெல்லாம் வருவாய்த்துறை புலப்படத்தில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் பார்க்கலாம். கால்வாயில் சுவர் எழுப்பியவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வரைபடத்தில் அது கால்வாய்தான்.

கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1-ந்தேதியும் நடக்கும். மார்ச் 22 உலக தண்ணீர் தினம். அன்றைக்கு ஏரிக் கணக்கைக் கேட்டால் மேடையில் இருப்பவர்கள் பேச்சை மாற்ற முடியாது. வண்டல் எடுக்க யாருக்கு அனுமதி, எத்தனை லோடு, எவ்வளவு ஆழம், மீன் குத்தகைப் பணம் எங்கே போனது, கால்வாய் கடைசியாக எப்போது தூர் வாரப்பட்டது... கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்ல வேண்டும். வாயால் சொன்ன பதில் அடுத்த கூட்டத்துக்குள் ஆவியாகிவிடும்.

தென்மேற்கு பருவமழையில் சேர்வராயன் மலையில் நாலு நல்ல மழை விழுந்தால் வாணியாறு அணைக்குத் தண்ணீர் வரத்து ஆரம்பிக்கும். அக்டோபரில் வடகிழக்கு பருவமழை. கால்வாய் வெட்ட வேண்டியவர்களுக்கு அதற்கு முந்தைய கோடைதான் வேலை நேரம். அதே கோடையில்தான் ஏற்காட்டில் படகுக்கு டிக்கெட் வரிசை நீளமாக நிற்கும்.